ரபிகளும் எங்கள் அப்பாவின் திதியும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பதிப்பாளர் உலக மதங்களைப் பற்றி ஒரு தொகுப்பு போட்டார். யூத மதத்தில் ஆதி ரபிகளின் நூல்களுக்கு என்ன இடம் என்று நான்கு பக்கம் எழுதித்தரும்படி ஒரு பேராசிரியரைக் கேட்டிருக்கிறார். அவர் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அந்த நாணயம் எனக்கு இல்லாததால் வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியர். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எதைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதிவிடலாம் என்று நம்புகிற வயது.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. துப்பறியும் கதைகளுக்கும் யோகாசனங்களுக்கும் நடுவில் எனக்கு வேண்டிய அறிமுக நூல் ஒன்று அகப்பட்டது. ராணுவம் முடித்து ஊர் சுற்ற வந்த இஸ்ரேலியப் பையன் யாராவது விட்டுப்போயிருக்க வேண்டும். அதை அவன் ஏன் சுமந்துவந்தான் என்று தெரியவில்லை. ஏன் விட்டுப்போனான் என்பது பத்துப் பக்கத்தில் விளங்கிவிட்டது.

மத நூல் என்றால் கடவுள் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். இதில் பேசியதெல்லாம் ரபிகள், அதாவது ஆசான்கள். ரோமானியர்கள் எருசலேம் கோயிலை இடித்துவிட்டார்கள். பலி கொடுக்க இடமில்லை, பூசாரிகளுக்கு வேலையில்லை. மிஞ்சியது எழுதிவைத்த வேதமும், அதன்படி எப்படி நடப்பது என்று வாய்வழியாக வந்த பேச்சும்தான். அந்தப் பேச்சை மறந்துபோகாமல் தொகுத்ததுதான் அந்த ஆதி நூல். மாலை வழிபாட்டை இரவு எந்நேரம்வரை சொல்லலாம் என்பது எடுத்த எடுப்பில் வரும் கேள்வி. அதற்கே ஆளுக்கொரு பதில். இல்லாத கோயிலில் எந்தப் பலியை எப்படிக் கொடுப்பது என்று பக்கம் பக்கமாகச் சண்டை. எல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாகப் பட்டது, வாதத்தில் தோற்றவர் சொன்னதையும் அவர் பேரோடு எழுதிவைத்திருந்தார்கள். பலரும் சொல்வது இது, இன்னார் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் தோற்றவருக்கு டீகூட வராது.

இந்த அழகில், அந்த வருஷம் எங்கள் குடும்பத்திலும் ஒரு வாதம் வந்தது. எங்கள் சொந்த ஊர் கருங்குழி. அப்பா போனதிலிருந்து அண்ணனும் நானும் வருஷாவருஷம் மாமல்லபுரம் கடற்கரையில் சேர்ந்துதான் திதி கொடுப்போம். அண்ணன் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு எங்களைச் சேர்த்துவைக்க அந்த ஒரு நாள்தான் பாக்கி. அண்ணனுடையது பழைய வாக்கியப் பஞ்சாங்கம். நான் படித்தவனாயிற்றே, கோள்களை வானில் பார்த்துச் சரிசெய்த திருக்கணிதத்துக்கு மாறியிருந்தேன். வழக்கமாக இரண்டும் நாளில் ஒத்துப்போகும். அந்த வருஷம் சில மணி நேர வித்தியாசத்தில் திதி அவருக்குச் சனிக்கிழமை விழுந்தது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

தொலைபேசியில் வானியலை விளக்கினேன்.

“இன்னாடா பேசற?” என்றார் அண்ணன். “அப்பா செத்தன்னிக்கு எந்தப் பஞ்சாங்கத்தப் பாத்து திதி குறிச்சோம்?”

“வாக்கியம்தான். அதுக்காக…”

“வாக்கியத்துல செத்தவரு வாக்கியத்துலதான் சாப்புடுவாரு. சனிக்கெழம வா. வரலன்னா நான் தனியா குடுத்துக்கறேன். அப்புறம் எந்த வருசமும் நீ வரவாணாம்.”

போனை வைத்துவிட்டார். வெறும் மிரட்டல் இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்காகச் சித்தப்பாவிடம் சாகும்வரை பேசாத மனிதர் அவர்.

அந்த வாரம் ரபிகள் நூலில் ஒரு சம்பவம் படித்தேன். பிறை கண்டதாகச் சாட்சிகள் வந்து சொல்ல, சபைத் தலைவர் அதை ஏற்று மாதப் பிறப்பை அறிவித்துவிடுகிறார். சாட்சி பொய் என்கிறார் ஓர் அறிஞர். அவர் கணக்கில் பெரிய உபவாச நாள் வேறு நாளில் வருகிறது. அந்த நாளில் பணத்தைத் தொடக்கூடாது, பயணம் போகக்கூடாது. “உன் கணக்கில் உபவாசம் வரும் நாளன்று தடியும் பணப்பையுமாக என்னிடம் வா” என்று தலைவர் உத்தரவு போடுகிறார். அறிஞர் துடித்துப்போகிறார். ஆனாலும் போகிறார். தலைவர் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் நீ என் ஆசான், சொல் கேட்டதில் என் சீடன் என்கிறார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கதையில் நான் தலைவர் என்பதில் சந்தேகமே வரவில்லை. உடனே ஊரப்பாக்கத்துக்கு போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். அண்ணன் அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். எந்த மனுவையும் கடைசிவரை கேட்பார்.

“அதுல தப்புக் கணக்கு யாருது?” என்றார்.

“தலைவருதுன்னுதான் தோணுது.”

“கரெக்டா கணக்குப் போட்டவன் இன்னா பண்ணான்?”

“தடியை எடுத்துகினு நடந்தாரு.”

“நீதான கரெக்டு?”

“ஆமா.”

“அப்ப நட.”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சாஸ்திர விசாரணை அதுதான். அதில் ஒரு நிமிஷத்துக்குள் தோற்றேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். அண்ணன் முன்னாலேயே வந்து, எள்ளும் தர்ப்பையுமாக ஐயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்து அவர் கணக்குப்படி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். கடலில் முழுகி வந்ததும், “எனக்கு இது சரியான நாள்னு படலை அண்ணா” என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“உன்ன யாரு ஒத்துக்கச் சொன்னா? வந்த இல்ல, அது போதும்” என்றார். முத்தமெல்லாம் கிடையாது. துண்டை என் மேல் எறிந்து, “தலயத் தொவட்டு, சளி புடிச்சிக்கும்” என்றார்.

ஞாயிறு காலை மார்க்கெட் போய், நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கிவந்தேன். மனைவி துண்டு போட்டு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“வூட்ல இன்னா சமையல்?”

“வஞ்சிரம். வறுக்கப்போறா.”



“உன் கணக்குல இன்னிக்குத்தானடா அப்பாவுக்கு?”

வானியலே தெரிந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றதும் மீன்தான் தெரிந்திருக்கிறது.

“இங்க நேத்தே சொல்லிட்டேன், இன்னிக்கும் கவுச்சி வாணாம்னு” என்றார். “உங்க அண்ணி ஒரே பொலம்பல்.”

“அப்ப என் கணக்கை ஒத்துக்கினியா?”

“ஒத்துக்கறதா? தப்புக் கணக்குடா அது. ஆனா நீ சொல்லிகீற இல்ல. மீன எடுத்து பக்கத்து வூட்ல குடு. சாம்பார் வெக்கச் சொல்லு.”

பக்கத்து வீட்டில் காரணம் கேட்டார்கள். அப்பாவுக்குத் திதி என்றேன். நேற்றே முடிந்துவிட்டதே என்றார்கள். ஆமாம், இன்றைக்கும்தான் என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினேன்.