தேதி எழுதாத வாரண்டி அட்டை

நனைந்து காய்ந்த காகிதத்தின் மக்கல் வாசனையோடு என் மேசைமேல் ஒரு வாரண்டி அட்டை கிடக்கிறது. ஸ்டோரேஜ் வாட்டர் ஹீட்டர், பதினைந்து லிட்டர். திண்டிவனத்துக் கடையொன்றின் ஊதா முத்திரை இருக்கிறது. வாங்கிய தேதிக்கான கட்டம் மட்டும் காலி. பேருந்துச் சீட்டின் பின்புறம்கூட நாள் குறித்து வைக்கும் எனக்கு அந்தக் கட்டம் ஆண்டுக்கணக்காக உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ‘இன்ஸ்டன்ட்’. சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் அப்போதே சூடாகி வரும். சேர்த்து வைக்கத் தொட்டி கிடையாது. அப்பா அதை அம்மாவுக்காகத்தான் வாங்கினார். அம்மா தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முடக்குவாதத்தால் காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். வெந்நீரில் குளித்தால்தான் சாக்பீஸ் பிடிக்கும் அளவுக்கு மடங்கும்.

பிறகு மின்வெட்டு ஆண்டுகள் வந்தன. விடிகாலையில் ‘கரண்ட்’ எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பில் காயவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குண்டானை இறக்க விரல்கள் மடங்க வேண்டும், மடங்குவதற்குத்தான் வெந்நீரே. அப்பா விழுப்புரத்துக்கு வேலைக்குக் கிளம்புமுன் நிரப்பி வைத்துப்போகும் வாளி, அம்மா எழுவதற்குள் ஆறியிருக்கும். நான் ஒருமுறை காலில் கொதிநீரைக் கொட்டிக்கொண்டதால் என்னை அடுப்பருகே விடமாட்டார்கள்.

விழுப்புரத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிறுதோறும் வந்து தொட்டி வைத்ததை வாங்கச் சொல்வார். கரண்ட் இருக்கும்போது காய்ச்சிவிட்டால் விடியும்வரை சூடு நிற்கும் என்பது அவர் கட்சி.

“இந்த ஊரு உப்புத்தண்ணிக்கு டேங்க் ரெண்டே வருஷத்துல பொத்துக்கும் மச்சான். கடைக்கு ஆள் புடிச்சிக்கினு திரியாத” என்பார் அப்பா.

“கரண்ட் இருந்தா உங்க டப்பா ராஜா, மாமா. போச்சுன்னா செவுத்துல மாட்டின காலண்டரு. அதுலயாவது தேதி பார்க்கலாம்.”

“ரெண்டு பேரும் நிதானமா பேசி முடிங்க. நான் அதுக்குள்ள ரிட்டையரே ஆயிடறேன்” என்பார் அம்மா. நாங்கள் சிரிப்போம்.

அந்த மார்கழியில் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவிக்கொண்டே இருந்ததாம். பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்துக் கொடுத்தார்களாம். தாளாளர் கூப்பிட்டு, “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன், டீச்சர்” என்றாராம். ராஜினாமாக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவருடையது, முதல் எழுத்தே கோணலாக. பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வேலைநாள் அது. நகல் என்னிடம் இருக்கிறது.

தொட்டி ஹீட்டரும் அந்த நாட்களில்தான் வந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டி கூடத்தில் பல நாள் நின்றதும் அதன்மேல் நான் பள்ளிப்பையை வைத்ததும் நினைவிருக்கின்றன. மாட்டிய பிறகு விடிகாலை வெந்நீருக்குக் குறைவில்லை. அம்மா குளித்துவிட்டு, மடங்கும் விரல்களோடு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்பா சொன்னது சரிதான். உப்புப் படிந்து தொட்டி பொத்துக்கொண்டது. மாமா சொன்னதும் சரிதான். இப்போது கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. குளியலறைச் சுவரில் இன்ஸ்டன்ட் மட்டும் தொங்குகிறது. பக்கத்தில் தொட்டியைத் தாங்கிய நான்கு ஓட்டைகள். திறந்தவுடன் வெந்நீர் வருகிறது. அம்மா இல்லை.

கடிதத்துக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது, தான் சொன்னது பொய்யாகிவிடும் என்று அப்பா மாட்டவிடவில்லை என்கிறார் மாமா. கடிதம் கொடுத்த பிறகுதான் வாங்கினேன் என்கிறார் அப்பா. சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ரசீது இல்லை. கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பெட்டி எந்தத் தேதியில் வீட்டுக்குள் வந்தது என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.