மரத்தை யார் தூக்குவது?

போன வாரத்திலிருந்து வயிறு எரிகிறது. இங்கே கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். நான்கு நாளாகப் பஸ் இல்லை. மாமனார் வீட்டுக்குப் போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

சமரசப் பேச்சு நடந்தது. மரம் வெட்டிய ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் மறுபக்கம். பேப்பரில் எழுதுகிறவனாயிற்றே என்று என்னையும் நடுவில் உட்கார வைத்தார்கள். மூன்று மணி நேரம்! பஸ் விடலாம் — சரி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை மறிக்கக் கூடாது — சரி. மரத்தை எடுத்துவிடலாம் — அதற்கும் எல்லோரும் சரி.

யார் எடுப்பது?

“வெட்டின கையாலயே எடுத்தா நாங்க தோத்துட்டோம்னு ஆவாதா?” என்றார் ஊர்க்காரர் ஒருவர்.

“நாங்க தொட்டா, மரத்த திருடிக்கினு போய்ட்டான்னு நாளைக்கு நீங்களே கேஸ் குடுப்பீங்க. இன்னாத்துக்கு வம்பு?” என்றார் காலனிக்காரர்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் அந்தக் கூட்டமே! ஆனால் எல்லோருக்கும் பசி. “அத அப்புறம் பாத்துக்கலாம்ங்க” என்றது ஒரு குரல். “ஆமாம், சின்ன விஷயம்தானே” என்று தலையாட்டியது யார்? சாட்சாத் நான்தான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, கை வேறு தட்டினோம்... வெட்கக்கேடு!

வெளியே கோவிந்தன் நின்றிருந்தார். கரும்பு வெட்டும் கூலிக்காரர். மகள் செல்விக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் நர்ஸ் டிரெய்னிங் இன்டர்வியூ. “விடியக்காலமே நடந்துடலாம்னு கீறோம்ங்க” என்றார்.

“எதுக்கு நடக்கணும்? ஆறு மணி பஸ் வந்துடும். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க” என்றேன், பெரிய மனுஷனாட்டம்.

ஆறு. ஏழு. எட்டு. மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. எட்டரைக்கு அப்பாவும் மகளும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது இன்டர்வியூவே முடிந்துவிட்டதாம்.

இரண்டு தரப்பையும் கண்டபடி திட்டினேன். படிப்புக்கும் வேலைக்கும்தானே ஐயா இந்தப் போராட்டம்? ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே! கிளைகளை மட்டும் இரண்டு தெருவும் சண்டையில்லாமல் வெட்டி அடுப்புக்குக் கொண்டு போயிருந்தன. அதற்குக் கூட்டம் தேவைப்படவில்லை!

அரைகுறைச் சமரசத்துக்குச் சண்டையே தேவலை. சண்டை என்று தெரிந்தால் மனுஷன் நடந்தாவது போய்ச் சேருவான். ‘பேசி முடிச்சாச்சு’ என்றால்தான் நம்பி உட்கார்ந்துவிடுகிறான்.

சாயங்காலம் செல்வியைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு நீங்கதானங்க சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் தாயே... தூக்குவதைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டோம்.