இடது காதுக் காந்தம்

டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை ‘ஒத்தக்காது’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொண்டதில்லை. “ஒண்ணு மிச்சம் இருக்கு, அதுல சொல்லு” என்று வலது பக்கத்தைக் காட்டுவாள்.

அலுமினியத் தகட்டை மூடி மூடியாக வெட்டித் தள்ளும் பிரஸ் மெஷின் அவளுக்கு இடப்பக்கம். வருஷக்கணக்கில் அந்த இடிச்சத்தத்தை வாங்கி வாங்கி, இடது காது ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. நிர்வாகத்திடம் போய் முறையிட்டதற்கு, “வேலைக்குச் சேரும்போதே உனக்கு அப்படித்தான் இருந்திருக்கும்” என்று கைகழுவிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு ரெக்கார்டு பிளேயரை வாங்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தால் வீடு சும்மா இருக்குமா? யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்போது இசைத்தட்டுக் கட்டோடு சேர்த்துத் தள்ளிவிட்ட பெட்டி அது. தட்டு சுற்றியது, விளக்கு எரிந்தது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை.

“செவிட்டு வீட்டுக்கு ஊமைப் பெட்டி, நல்ல பொருத்தம்” என்றாள் கூடவே குடியிருந்த நாத்தனார். “மேல ஒரு துணியைப் போட்டா செருப்பாவது வைக்கலாம்.”

பஸ் ஓட்டும் கணவன் யார் பக்கமும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவள் ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் போனாள். தட்டின் மேல் ஊசியைத் தாங்கி நிற்கும் அந்தச் சின்னத் தலையை, அதுதான் கார்ட்ரிட்ஜை, கடைக்காரர் மீட்டரில் வைத்துப் பார்த்தார்.

“ஊசி முனை நல்லாத்தாம்மா இருக்கு. உள்ள இருக்கற கம்பிச்சுருள், அந்தக் காயில்தான் போயிடுச்சு. இந்த மாடலுக்கு இனிமே எங்கயும் கிடைக்காது.”

“வேற ஏதாவது பண்ண முடியுமா?”

அவள் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பதை அவர் கவனித்திருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். “உங்களுக்கு ஒரு காதுதானே? போன்லயே கேளுங்களேன், அது போதும்.”

அந்தப் ‘போதும்’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எது போதும், எவ்வளவு போதும் என்று ஊரார் அளந்து தரும் சங்கதியாகிவிட்டதா தன் காது? கார்ட்ரிட்ஜை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீடு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேடையிலேயே பிளேடை வைத்து அதைப் பிளந்தாள். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு மெல்லிய தண்டு, அதன் முன்முனையில் ஊசிக்கல், பின்முனையில் துளி காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச்சுருள். போனில் தேடித் தேடிப் பார்த்தாள். தட்டில் உள்ள வரி ஊசியை ஆட்டுகிறது, ஊசி காந்தத்தை ஆட்டுகிறது, காந்தம் ஆடினால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

“ஆட்டம்தானே, நாம பாக்காத ஆட்டமா?” என்றாள் தனக்குள்.

பிளேடு பட்டதில் பழைய தண்டு ஒடிந்து, காந்தமும் பொடிந்துபோயிருந்தது. நின்றுபோன சுவர்க்கடிகாரத்திலிருந்து கம்பிச்சுருள் கிடைத்தது. காந்தத்துக்குத்தான் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அவள் போட்டுத் தீர்த்த பழைய இயர்போன்கள். ஒவ்வொன்றிலும் வலது பக்கம் தேய்ந்து அறுந்து போயிருக்க, இடது பக்கம் வாங்கிய மேனிக்கே பளபளவென்று கிடந்தது. வேலையே பார்க்காமல் சம்பளம் வாங்கிய அத்தனை இடதுகளையும் கொட்டி, ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்தாள். குறடால் நறுக்கியதும் அது தெறித்து எங்கோ பறந்தது. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள்.

தண்டுக்கு எடையே இல்லாத உலோகம் வேண்டும். அதற்கு எங்கே போக? தினமும் காலில் மிதிபட அலுமினியக் கழிவு குவியும் இடத்தில்தானே வேலை. ஒரு மெல்லிய கீற்றைச் சேலைத் தலைப்பில் சொருகிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“என்ன அது?”

“கழிவு. ஒரு கீத்து.”

“கழிவா இருந்தாலும் கம்பெனிப் பொருள். வெளிய போகக்கூடாது. போட்டுட்டுப் போ.”

ஷிப்டு முடிந்து பின்னால் வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். அவள் கீற்றைக் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

“ஒரு முழுக் காதை இங்க விட்டுட்டுப் போறேன் சார். அதைக் கேட்டு வாங்க எனக்கு வழியில்ல. இந்தக் கீத்தை நீங்க கேட்டு வாங்கணும்னா, வாங்க, என் கையிலேருந்து எடுங்க.”

பின்னாலிருந்து ஒருத்தி, “எனக்கும் ரெண்டு மாசமா காதுல கொய்ங்னு சத்தம் கேக்குது சார், அதுவும் கம்பெனிப் பொருளா?” என்றாள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மறுவாரம் அவளைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, மூட்டை கட்டும் இடத்தில் போட்டார்கள். சம்பளத்திலும் ஒரு வெட்டு விழுந்தது. தண்டனை என்று நினைத்துத்தான் செய்தார்கள். “அங்க சத்தம் குறைச்சல், தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் வேலை அவ்வளவு லேசாக நடக்கவில்லை. கீற்றை ஊசி கனத்துக்குச் சுருட்டி, பழைய ஊசிக்கல்லைப் பிடுங்கி முனையில் ஒட்டி, மரத் துணிக் கிளிப்பைச் செதுக்கி உடம்பாக்கி, சைக்கிள் டியூபிலிருந்து நறுக்கிய ரப்பரில் தண்டை உட்கார வைத்தாள். முதல் தடவை ரப்பர் விறைப்பாக இருந்து, ஊசி தட்டின் மேல் ஒரே ஓட்டமாக ஓடி ஒரு நல்ல பாட்டைக் கீறிவிட்டது. அடுத்த தடவை பசை காந்தத்தையே மூடிக்கொண்டது. அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பிளேடை எடுத்தாள்.

மூன்றாவதைப் பொருத்தியபோது ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று பெரிய இரைச்சல் கிளம்பியது. உள்ளே எங்கோ, கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, ஒரு குரல்.

“கொசு விரட்டுற மெஷினா இது?” என்றாள் நாத்தனார்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவன் நின்றான். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பெட்டியின் அருகில் குனிந்தான்.

“எர்த் குடுத்தியா?”

“என்னது?”

“எர்த். பஸ்ஸுல பாடிக்கு எர்த் சரியா இல்லன்னா ஹெட்லைட்டே கண்ணைச் சிமிட்டும். இங்க பாரு, ஒரு கம்பி அநாதையா தொங்குது.”

இருவருமாகச் சேர்ந்து கிளிப்பைச் சுற்றி மிச்சமிருந்த அலுமினியத்தை மடித்துக் கட்டி, அந்தக் கம்பியை அதில் முறுக்கினார்கள். இரைச்சல் அடங்கியது. குரல் கிணற்றிலிருந்து ஏறிக் கூடத்துக்கு வந்தது. பின்னாலேயே வயலினும் வந்தது, கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. அவன் பஸ்ஸை மறந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஒரு பக்க ஸ்பீக்கர்லதான் வருது” என்றான் சிறிது நேரம் கழித்து. “காயில் ஒண்ணுதானே போட்டிருக்க?”

“இன்னொண்ணு யாருக்கு?” என்றாள் அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டியையே ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். “மேல் ஸ்தாயி சுத்தமா இல்லம்மா. தட்டு சீக்கிரம் தேயும்” என்றார் உள்ளதை உள்ளபடி.

“தேயட்டும். கேட்டுத் தேயறதுக்குத்தானே தட்டு?”

நாத்தனாருக்கு ஒருநாள் பொறுக்க முடியவில்லை. கதவோரம் நின்று, “அந்த மறுபக்கத்தைப் போடேன்” என்று முணுமுணுத்தாள்.

“கேக்கல அண்ணி. சத்தமா சொல்லுங்க.”

“மறுபக்கத்தைப் போடுன்னேன்!”

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு நாத்தனாரைக் கத்த வைத்துவிட்டுத்தான் தட்டைத் திருப்பினாள்.

வெயில் காலம் வந்ததும் பசை இளகி, காந்தம் கழன்று விழுந்தது. இழுப்பறையில் இன்னும் நிறைய இடதுகள் இருந்தன. அவள் பிளேடைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.