தோப்ரின்காவின் வீட்டில் சாப்பிடாத ஒருவன்

ரலித்சா ஜெர்மனிக்குக் கிளம்பியது ஜனவரி பதினேழாம் தேதி, ஒரு வியாழக்கிழமை. டான்யூப் ஆறு முழுக்க மூடுபனி. எதிர்க்கரை ருமேனியா இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஸ்விஷ்டோவ் பேருந்து நிலையத்தில் அவளுடைய அம்மா தோப்ரின்கா இரண்டு தட்டு சீஸ் வைத்துச் சுட்ட பானித்சாவையும் ஒரு முழுக் கோழியையும் மகளின் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். மகள் பதிலுக்குக் கம்பளி சுற்றிய ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஷூ லேஸ் தடிமனில் ஒரு குட்டிப் பாம்பு, ஆரஞ்சு நிறம், முதுகில் சிவப்புத் திட்டுகள். விஷமில்லாத வகை. கிறிஸ்துமஸுக்கு வாங்கியது.

"மூனே மாசம்மா. நர்ஸ் விடுதியில பிராணி வெச்சுக்கக் கூடாதாம். தனி வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேன். எலிக்குஞ்சு ஃப்ரீசர்ல இருக்கு, வாரத்துக்கு ஒன்னு. பேரு ட்ரிஃபோன்."

"நூத்தி நாப்பது பிள்ளைங்களுக்குச் சமைக்கறவகிட்ட சாப்பாட்டைப் பத்திச் சொல்றியா? ஏறு, ஏறு."

தோப்ரின்கா அத்தை பள்ளிக்கூடச் சமையல்காரி. ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை. நான் அவருக்குக் கீழ்மாடி. ஒன்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த இலையுதிர்காலத்தில்தான் திரும்பியிருந்தேன். வந்த மறுநாளே என்னை மேஜையில் உட்காரவைத்து மூன்று தட்டு சாப்பிடவைத்தார். அவர் வீட்டில் யாரும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை. கரண்டியோடு பக்கத்தில் நிற்பார். எங்கள் ஊரில் விருந்தாளி மூன்று தடவை வேண்டாம் என்பார், அது மரியாதை; நான்காவது தடவை வாங்கிக்கொள்வார். அத்தை மூன்றாவதோடு நிறுத்தியதே கிடையாது.

ட்ரிஃபோன் வேண்டாம் என்றபோதும் அவர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

தனியாக இருந்தால் ஏங்கிப்போவான் என்று பெட்டியைச் சமையலறை மேஜையிலேயே வைத்தார். பக்கத்தில் ரேடியோ. வேளாவேளைக்கு மூடியைத் திறந்து, இடுக்கியில் எலிக்குஞ்சைப் பிடித்து மூக்கெதிரே ஆட்டுவார். "சாப்புடு கண்ணு. கொஞ்சூண்டு." அவன் மூலைக்குப் போய்ச் சுருண்டுகொள்வான், வாலை நடுக்குவான், ஒரு தடவை இடுக்கியையே கொத்தினான். அத்தைக்கு அதிலும் சந்தோஷம்: "பாத்தியா, வாயைத் திறந்துட்டான்."

பிப்ரவரி முதல் வாரம் ரலித்சா கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"சாப்பிட்டானாம்மா?"

"சாப்பிட்டான், சாப்பிட்டான்."

"எடை எவ்வளவு?"

"நாப்பது கிராம்."

சமையல் தராசில் இருபத்தொன்பதுதான் காட்டியிருந்தது. அவள் விட்டுப்போனபோது முப்பத்தொன்று. அத்தை போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படிப் பாக்காதே. அவ வேலையில சேந்து ரெண்டு வாரந்தான் ஆகுது. பாம்பை நெனச்சு அழுதுகிட்டே யாருக்காவது ஊசி போட்டா என்ன ஆகறது?" பிறகு மெதுவாக, "எங்கிட்ட நம்பிக் குடுத்துட்டுப் போனது இது ஒன்னுதான்" என்றார்.

பதினான்காம் தேதி ட்ரிஃபோன் திருநாள், திராட்சைத் தோட்டங்களின் புனிதருக்கு. காலையில் திராட்சைக்கொடியைக் கழித்து வேரில் ஒயின் ஊற்றுவோம். அதன்பிறகு அந்தப் பெயர் உள்ளவர் வீட்டுக்குப் போவோம். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம். எதிர்வீட்டு மின்ச்சோ ஐந்து லிட்டர் ஒயினோடு வந்து நின்றார். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பேர்க்காரன் எங்கே? கட்டடத்துல இருக்கற ஒரே ட்ரிஃபோன் அவன்தானே?"

அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருவரும் மூடியைத் தூக்கி வாழ்த்தினார்கள். ஒருவர் கண்ணாடியில் ஒயினைத் தடவினார், மங்களத்துக்கு. பாட்டு, ஆட்டம், மேஜை குலுங்கியது. நானும் ஆடினேன் என்பதை மறைப்பதற்கில்லை. குட்டி கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து வழி தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மூக்கு புண்ணாகியிருந்தது. அதற்கு மறுநாள் தராசு இருபத்தாறு காட்டியது.

அத்தை அன்றைக்குத்தான் பயந்தார். குட்டியை விற்ற ப்ளாமென், ரூசே ஊர்க்காரர், பாம்பு வளர்ப்பவர். அவரைப் போனில் பிடித்தோம்.

"எத்தனை தடவை திறக்கறீங்க?"

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுந்தான்."

"வாரத்துக்கு ஒரு தடவையா?"

"மூனு வேளை. நடுவுல காப்பி நேரம்."

"அம்மா, அவன் பயத்துல இருக்கான். நீங்க மேலேருந்து கையை நீட்டினா அவனுக்கு நீங்க பருந்து. சின்னப் பெட்டி போதும். ரெண்டு ஒளிவிடம், ஒரு பக்கம் இளஞ்சூடு, தண்ணி. மேலே துணி. பத்து நாள் தொடாதீங்க, பாக்காதீங்க. அப்புறம் குஞ்சை வெச்சுட்டுப் போயிடுங்க. அப்பவும் சாப்பிடலைன்னா எங்கிட்டயே கொண்டுவந்துடுங்க."

போனை வைத்ததும் அத்தை கேட்டார், "நான் பருந்தா?"

இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் நான் போனபோது துணியின் நுனி அவர் கையில் இருந்தது. மின்ச்சோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டுட்டு எப்படி மின்ச்சோ கம்முனு இருக்கறது?"

"விருந்தாளின்னு யாரு சொன்னது? வீட்டுக்குள்ள இருக்கற பாம்புக்கு நம்ம ஆளுங்க என்ன பேரு வெச்சிருக்காங்க?"

அத்தையின் கை நின்றது. "ஸ்தோபான்."

வீட்டுக்காரர் என்று அர்த்தம். வீட்டுக்கு அடியில் இருந்து வீட்டைக் காக்கும் பாம்பு.

"ஸ்தோபானுக்கு எப்படிச் சாப்பாடு வைப்பாங்க? கரண்டியோட பக்கத்துல நிப்பாங்களா?"

"மூலையில வெச்சுட்டு... திரும்பிப் பாக்காம வந்துரணும்."

"அப்புறம் என்ன? விருந்தாளி நீதான். அவர் வீட்டுல இருக்கே, கொஞ்சம் அடக்கமா இரு."

அத்தை துணியை விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து 'அவன்' போய் 'அவர்' ஆகிவிட்டது.

ரலித்சாவின் அறை அவருக்கு ஒதுக்கப்பட்டது. பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் காற்றுத்துளை போட்டோம். உடைந்த பூந்தொட்டியின் பாதி சூடான பக்கம், தேயிலைப் பெட்டி குளிர்ந்த பக்கம், நடுவில் காய்ந்த இலைகள். ரேடியோ நின்றது. தண்ணீர் மாற்றப் போகும்போது அத்தை கதவைத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போவார். மின்ச்சோ மாடிப்படியில் இருமுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்.

பதினோராம் நாள் மாலை அத்தை எலிக்குஞ்சை வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார், குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல. பூந்தொட்டியின் வாசலில் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்து, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"காலை வரைக்கும் குடுக்காதே. கெஞ்சினாலும்."

இரண்டு தடவை கெஞ்சினார். கொடுக்கவில்லை.

விடிந்ததும் ஏறினோம். "நீ பாரு, என்னால முடியாது" என்று அத்தை சுவரைப் பார்த்து நின்றார். துணியை விலக்கினேன். குஞ்சைக் காணோம். பூந்தொட்டிக்குள் ட்ரிஃபோன் சுருண்டிருந்தார், வயிற்றின் நடுவே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புடைப்பு.

அத்தை மகளின் கட்டிலில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் இருக்க ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு நுனிக்காலில் போய் மின்ச்சோவின் கதவைத் தட்டினார்.

"சாப்பிட்டார்."

மின்ச்சோ தொப்பியைக் கழற்றினார். "எல்லாத்தையுமா?"

"வால் உட்பட."

சாயங்காலம் ரலித்சா கூப்பிட்டாள். எடை எவ்வளவு என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"இருபத்தெட்டு."

"அன்னிக்கு நாப்பதுன்னியே?"

"தராசு இப்பதான் சரியாச்சு."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கடுத்த வருஷம் அக்டோபரில், ட்ரிஃபோன் ஒரு மீட்டரைத் தாண்டி, வாரம் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அத்தையின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார்.

"அம்மா, ஒன்னு சொல்லணும், திட்டாதே. நான் கிளம்பறதுக்கு முன்னாடி மூனு வாரமும் அவன் எங்கிட்ட ஒன்னுமே சாப்பிடல. செத்துருவானோன்னு பயந்துதான் உங்கிட்ட விட்டேன். நாப்பது கிராம்னு சொன்னப்பவே பொய்னு தெரியும். கேக்கத்தான் தைரியம் வரல."