ஹோலி வரை காத்திருந்த தோட்டம்

அக்கா என் உள்ளங்கையில் வைத்த அந்தச் செம்பருத்தி இலை, கொதிநீரில் போட்டெடுத்த கீரையைப் போலக் கருத்துத் துவண்டிருந்தது. விடியும்போது பச்சையாகத்தான் இருந்ததாம். புல்மேல் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்க, இலைகளெல்லாம் கண்ணாடிபோல் விறைத்து நின்றன என்றும், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தொங்கிக் கருத்துவிட்டன என்றும் சொன்னாள். புனேயில் உறைபனி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நகரத்தை ஒட்டிய வாகட்டில் என் அடுக்குமாடி பால்கனியில் அன்றைக்கு ஒரு துளசி இலைகூட வாடவில்லை. ஆனால் நகரத்துக்கு வெளியே தளேகாவில் அக்காவின் வீடு ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரக் குளிரெல்லாம் இறங்கிவந்து தங்கும் இடம் அது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. மல்லிகை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி, குரோட்டன்ஸ், எதுவும் தப்பவில்லை.

அத்தான் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரோடு ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தாள். போகிற குவார்ட்டர்ஸில் எல்லாம் செடி வைப்பாள். மல்லிகை மொட்டு விடும் சமயத்தில் சரியாக மாற்றல் உத்தரவு வரும். தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலேறுவாள். அவளுக்கு மனசு கெட்டி என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வோம். தளேகாவ் வீடு அவர்களுடைய முதல் சொந்த வீடு. அங்கேதான் அவள் தொட்டியை விட்டுவிட்டு மண்ணிலேயே செடிகளை வைத்தாள்.

கருகிய தோட்டத்தைப் பார்த்து அவள் அழவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்து, எங்கள் வளாகத்தில் ஃபிளாட் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று விசாரித்தாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் பிடுங்கிப்போட, தோட்டவேலை செய்யும் மாலி ஒருவரை அழைத்துவரச் சொன்னாள். அக்கா பக்கத்தில் வந்துவிடுவாள் என்ற சந்தோஷத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. ஒரு ஃபிளாட்டையும் பேசிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலியோடு போய் இறங்கினேன். செம்பருத்திக்கும் இட்லிப் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலிக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்தார். மார்ச்சில் ஹோலி கழிந்து வரும்படி இந்தியில் சொல்லி, வந்த வழியே அனுப்பிவிட்டார்.

அக்காவுக்குக் கோபம். "செத்துப்போனத வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறிய?" என்றாள்.

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? பஞ்சாப்ல மெஸ் தோட்டத்துல பாத்துருக்கேன். பனியில கருகுனத உடனே வெட்டப்படாது. அந்தக் கருகுன இலைதான் அடுத்த பனிக்குப் போர்வை. ஹோலி வரைக்கும் பொறு."

"பொறுத்தும் வரலைன்னா?"

"வரலைன்னா மறுபடியும் வைப்போம். இனிமே நமக்கு எங்கயும் மாத்தல் கிடையாதுல்லா" என்றார் அத்தான். அக்கா உள்ளே போனாள். ஃபிளாட்டைப் பற்றி அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது அத்தான் செடிகளைச் சுற்றிக் கழி ஊன்றி, துணி இலையில் படாதபடி பழந்துணிகளை அடுக்கித் தைத்த கோதடிப் போர்வைகளைப் போட்டு மூடுவார். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் விடுவார். உரம் எதுவும் போடவில்லை. செம்பருத்தியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நுனியில் கீறினால் பழுப்பு. கொஞ்சம் கீழே வந்தாலும் பழுப்புதான். இதை அக்காவிடம் சொல்லவேண்டாம் என்பார். அந்தப் பஞ்சாப் தோட்டம் எப்படித் துளிர்த்தது என்று ஒருமுறை கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அது துளிர்த்ததை அவர் பார்க்கவே இல்லையாம். ஹோலி வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. துளிர்க்கும் என்று அங்கிருந்த தோட்டக்காரர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டுதான் இத்தனையும் செய்துகொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது அக்காதான். வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கிய ஒரு காலை, துணி காயப்போடப் போனவள் மல்லிகையின் அடியில் செம்பு நிறத்தில் ஒரு முளையைக் கண்டு, ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடிவந்த அத்தானிடம் கையைக் காட்டினாளாம், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து செம்பருத்தியைத் தரையை ஒட்டிக் கீறிப் பார்த்தபோது பச்சை தெரிந்தது. கறிவேப்பிலை, தாய்த்தண்டை விட்டு ஒரு சாண் தள்ளிப் புதுக்கன்று விட்டிருந்தது. வாழையின் அழுகிய மட்டைகளை நீக்கியதும் பக்கத்தில் ஒரு கன்று முளைத்துக்கொண்டிருந்தது. பப்பாளி மட்டும் மெத்தென்று அழுகிச் சாய்ந்தது. குரோட்டன்ஸில் பாதி வரவேயில்லை. ஹோலி கழிந்ததும் அக்காவே கத்தரியை எடுத்து, பச்சை தொடங்கும் இடம் பார்த்துப் பார்த்து, அதற்கு மேலிருந்த கருகலை வெட்டினாள். அன்று மாலை என்னை அழைத்து, "ஏட்டி, அந்த ஃபிளாட்டுக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிரு" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

இப்போது அத்தானுக்கு முழங்கால் வலி. குனிந்து வேலை செய்ய முடிவதில்லை. போன வாரம் போனபோது தோட்டத்து மூலையில் அக்கா குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அத்தான் நின்றபடி ஒரு மாங்கன்றைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் காத்திருந்து காய் பார்க்கவேண்டிய மரம் எதையும் அவள் இதுவரை வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா மண்ணைத் தள்ளி மிதித்தாள்.