கரையில் ஓடிய எஞ்சின்

எங்கள் படகுக்குக் கூரை உண்டு, இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க ஓர் அறை உண்டு, அறையைச் சுற்றிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. ஜவ்வாது மலையில் சொந்தமாக இப்படி ஒன்றை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்வேன். இல்லை என்று சொல்ல இதுவரை யாரும் வரவில்லை. மலைமேல் உள்ள ஏரியின் ஓரச் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்களைக் கண்டால், ஏதோ வேலை இருப்பதுபோல் முன்பக்கம் ஏறி நின்றுகொள்வேன். வேலை ஒன்றும் இருக்காது.

தொழிலில் நான் பம்புசெட் மெக்கானிக். ஆலங்காயத்தில் பட்டறை. கடலோர ஊர் ஒன்றில் அடியில் ஓட்டையோடு கவிழ்ந்து கிடந்த இந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. கடல் எந்தப் பக்கம் அண்ணே என்று டீக்கடையில் கேட்டார்கள். ஓட்டைகளை பைபர் துணியும் பசையும் வைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே போயிற்று. பழைய வேன் ஒன்றின் ஜன்னல்களைக் கழற்றி அறைக்குப் பொருத்தினேன். இரண்டு வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. ஏரிக்கரை ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, மீன் வலைக்குக் குறுக்கே போகக்கூடாது, சாமி குளிக்கும் துறையில் கட்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு தண்ணீரில் விட அனுமதித்தார்கள்.

ஏரி நிரம்பும் புரட்டாசியிலிருந்து தண்ணீர் இறங்கும் மாசி வரை எங்கள் பருவம். மாதம் இருமுறை கரையேற்றி அடிப்பாசியைத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். எஞ்சின் பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். பிறகு நானும் மனைவியும் ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, அவள் கிளறிக் கொண்டுவந்த சாமை உப்புமாவைச் சாப்பிட்டபடி மிதப்போம். அந்த நேரத்தில் எந்தக் கோடீஸ்வரனும் எனக்குச் சமமில்லை.

மனைவி மலைக்காரி, நெல்லிவாசல் பக்கம். மலைக்குக் கீழே இருப்பவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய அண்ணன் ஒன்பது வருஷமாக எங்களோடு பேசாமலிருந்தார். கல்யாணத்துக்கும் வரவில்லை. சாமையும் புளியும் விளைவிக்கிற மனிதர், சொன்ன சொல்லை மாற்றாதவர். போன வருஷம் அவரே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு ஏரிக்கு வருகிறார், படகைப் பார்ப்பார், தோன்றினால் ஏறுவார். அவ்வளவுதான் செய்தி. அதைக் கேட்டதிலிருந்து மனைவி இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். அவர் ஒரு சுற்று வந்துவிட்டால் பிறந்த வீடு திரும்பக் கிடைத்துவிடும் அவளுக்கு. ஏதாவது கோணலாகிவிட்டால் அந்த வாசல் அடைத்தது அடைத்ததுதான்.

அன்று காலை படகைக் கரையில் சக்கரவண்டிமேல் நிறுத்தி, மஞ்சள் தெளித்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் கற்பூரம் எரியும்போது வண்டி உறும வேண்டும். டிராக்டரோ லாரியோ, சத்தம் வந்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. நான் எஞ்சினை முடுக்கினேன். சுற்றி நின்றவர்கள் ஆவென்று பார்க்க, பெருமை தலைக்கேறி இன்னும் முறுக்கினேன். ஐந்து நிமிஷம் ஏரியே அதிர்ந்தது.

தண்ணீரில் இறக்கி ஓட்டியபோது எஞ்சின் பக்கவாட்டில் எப்போதும் பீச்சும் மெல்லிய தண்ணீரைக் காணவில்லை. மறுபடி கரையேற்றிக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் சூடாகாமல் ஏரித் தண்ணீரை இழுத்துக் கொடுக்கும் குட்டி பம்பின் ரப்பர் இறக்கைகள் கருகிப் பொடியாகக் கிடந்தன. தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதே என்று இருபது வருஷமாக எத்தனை விவசாயிகளைத் திட்டியிருக்கிறேன். மூளை அடகுக்கடையிலா இருக்கிறது என்றுகூடக் கேட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு அது வண்டியாகத் தெரிந்ததே தவிர, அதற்குள்ளும் ஒரு பம்பு இருப்பது தோன்றவே இல்லை. மாற்று ரப்பருக்குச் சென்னைக்குப் போக வேண்டும். மச்சான் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அவமானத்தில் உட்கார்ந்திருக்க நேரமில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பூச்சிமருந்து அடிக்க முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயர் ஒன்று புதிதாக இருந்தது, மருந்து படாதது. அதை வாங்கி வந்து நுனியைக் கழற்றிவிட்டுக் குழாயை எஞ்சினின் உள்பக்கத்தைக் கழுவ வைத்திருக்கும் துவாரத்தில் கிளாம்பு போட்டு இறுக்கினேன். ஸ்ப்ரேயர் தண்ணீரைத் தள்ளும், எஞ்சின் குளிரும். மெதுவாகத்தான் ஓட்ட முடியும், தொட்டி தீரத் தீர யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறைக்கதவை மூடிவிட்டால் பின்னால் நடப்பது மச்சானுக்குத் தெரியாது, மனைவி ஊற்றிக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மறைச்சி ஏத்தினீங்கன்னா நான் ஏற மாட்டேன். எங்கண்ணன் கிட்ட உண்மைய சொல்லுங்க."

தவறு என்று ஒப்புக்கொள்வது என் ஜாதகத்திலேயே இல்லை. பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு வேறு வழி தெரியவில்லை.

ஜீப் வந்து நின்றது. மச்சான் தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் படகைச் சுற்றி வந்தார். நான் அடைத்த இடங்களை விரலால் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் எதிரே போய் நின்றேன்.

"மச்சான், பூஜைல தண்ணி இல்லாம எஞ்சின ஓட்டிட்டேன். உள்ள பம்பு எரிஞ்சி போச்சி. தப்பு என்னுதுங்க."

அவர் ஸ்ப்ரேயரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எவ்ளோ தண்ணி வேணும் அதுக்கு?"

சொன்னேன். படகைத் தண்ணீரில் இறக்கியதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு அவரே ஏறினார். என் மனைவி அறைக்குள் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். அவர் ஏரியில் முகந்து முகந்து ஊற்றினார். எஞ்சின் பக்கத்தில் தண்ணீர் பீச்சத் தொடங்கியதும் அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் குனிந்து கால்பலகையைத் தூக்கி அடியைத் தடவினார். கை ஈரமாகவில்லை. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பலகையை மூடிவிட்டுத் தொட்டியில் அடுத்த குடத்தைச் சாய்த்தார்.

ஒரு முழுச் சுற்று வந்து கரை தட்டினோம். இறங்கி நேரே ஜீப்புக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கதவைப் பிடித்தபடி அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கவில்லை. கரையில் நின்ற தன் மனைவி மகள்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னா பாத்துனு நிக்கிறீங்க? எல்லாம் வந்து ஏறுங்க. எங்க மாப்ள கட்டின படகு இது, ஒரு சொட்டு ஒழுவல."

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, குனிந்து அடுத்த குடத்தை முகந்தார்.