கூட்டிவந்தவர் யார்?

எலும்பு முறிவுப் பிரிவில் பதிவேடு எழுதும் அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி முழுக்க வக்கீலம்மா என்று பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான். ‘எப்படி அடிபட்டது’ என்ற கட்டத்தில் ‘விழுந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால் போதும், சம்பளம் வந்துவிடும். அவரோ மூன்று வருடப் பதிவேடுகளை இறக்கிவைத்து, சாப்பாட்டு நேரத்தில் தும்மிக்கொண்டே படித்தார். திரும்பத் திரும்ப அடிபட்டு வந்த பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். இருபத்தாறு பேரைக் கூட்டிவந்தது அண்ணனோ அக்காவோதான்.

“கூடப் பொறந்ததுங்க அடிச்சுக்கத்தான் செய்யும். இதையெல்லாம் போய் ஆராய்ச்சி பண்ணுவாங்களா?” என்றார் பெரிய டாக்டர்.

“ரெண்டும் அடிச்சுக்கிட்டா சண்டை சார். எப்பவும் ஒண்ணே அடிச்சு, இன்னொண்ணே வாங்கிட்டிருந்தா அது சண்டையா? அடிச்சவங்களைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே எப்படி அடிபட்டுதுன்னு கேக்குறோம். பிள்ளைய தனியா வச்சுக் கேக்கணும்.”

டாக்டர் கேட்கவில்லை. வக்கீலம்மாவும் விடவில்லை. சின்ன வயதில் அவருக்குச் சூடுபோட்டதும் அவரை இருட்டறையில் பூட்டியதும் சொந்த அக்கா. வீட்டில் சொன்னபோது, “அக்காதானே” என்றார்கள். அந்தத் ‘தானே’ இருக்கிறதே, சூட்டைவிட அதுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

ஒரு வியாழக்கிழமை, எட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அண்ணன் தூக்கிவந்தான். வாட்டசாட்டமான பையன். யாரும் கேட்பதற்கு முன்பே, “படியில விழுந்துட்டா” என்றான். இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வரிசையே உருகியது. வக்கீலம்மா அவளுடைய பழைய பதிவுகளைப் புரட்டினார். போன மழைக்காலத்தில் மணிக்கட்டு, அப்புறம் இரண்டு விரல், இப்போது தோள்பட்டை எலும்பு. இன்றும் ‘விழுந்தது’ என்று எழுதி அவனோடு அனுப்பினால், அடுத்த தடவை எது உடையுமோ.

மூன்று பதிவுகளையும் டாக்டரின் மேஜையில் விரித்துவைத்தார். மூன்றிலும் கூட்டிவந்தவர் கையெழுத்து ஒன்றே. டாக்டர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் பையனைப் பார்த்து, “நீ வெளிய உக்காரு தம்பி” என்றார்.

“அவ தனியா இருக்க பயப்படுவா சார்.”

“நாங்க இருக்கோம்ல.”

அவன் போனான். வக்கீலம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். அவள் கதவையே பார்த்தாள்.

“அவன் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிடணுமா?”

பெரிய டாக்டர்தான் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். நாற்காலியை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“மெதுவா சொல்லும்மா,” என்றார். “நான் இங்கதான் இருக்கேன்.”